ஒற்றை விரல் மழை

— இன்னொரு வாட்டி சொல்லு மலரு. மொத வரியிலயே எனக்குக் கணக்கு ஒதைக்கிது.

— எத்தினி வாட்டி மாமா சொல்றது? மழ நின்னா வண்டிய எடுக்கணும், மலை ஏறணும். வெள்ளிமலையில கோடை விழா ஆரம்பிச்சிருப்பாங்க. சாப்பாட்டுக்கு அப்பால கவியரங்கம்னு நோட்டீசுல போட்டுக்கிறாங்க. நீங்க இன்னாடான்னா அடிவாரத்துல, பஸ்ஸு நிழக்குடையில உக்காந்துகினு மொத வரியிலயே நிக்கிறீங்க.

— மழ வுட்டாதான போவ முடியும்? அதுவரைக்கும் சொல்லு. நாளைக்கி ஊர்ல கேப்பானுங்க, 'இன்னாடா கொளஞ்சி, உம் பொண்டாட்டி மேடையில இன்னா படிச்சா?'ன்னு. தவுலுக்காரன் பொண்டாட்டி மழைக்குப் பாட்டு கட்டிக்கிறா, அவனுக்கே அர்த்தம் தெரியலன்னா சிரிக்க மாட்டானுங்க?

— பாட்டு இல்ல, கவித.

— எதுவோ ஒண்ணு. சொல்லு.

— கேளுங்க.
'முதல் துளி தகரத்தில் விழுந்தது,
நாணயம் நல்லதா என்று
சுண்டிப் பார்ப்பவன்போல.'

— சரி. மழ காசு சுண்டிப் பாக்குது. எதுக்குப் பாக்குது? மழைக்கு இன்னா சந்தேகம்?

— மழைக்கு இல்ல மாமா, கேக்கறவளுக்கு. டங்குன்னு ஒரு சத்தம். மழதானா, வேற எதுனாவான்னு காது நிமுந்துக்குது. அதத்தான் சொல்லிக்கிறேன்.

— கேக்கறவன்னா யாரு? நீயா?

— கவிதையில வர்ற பொம்பள.

— அவளுக்குப் பேரு இல்லியா?

— பேரு எதுக்கு? அவ இன்னா ஓட்டு போடவா போறா?

— தம்பி, கொஞ்சம் நவுந்துக்கப்பா. சாரலு கூடையில அடிக்கிது. பலாச்சொள நனைஞ்சா வழவழன்னு பூடும், அப்பால நாய் கூட மோந்து பாக்காது.

— வாங்கக்கா, இப்டி உள்ள தள்ளி வையுங்க. மலைக்குங்களா?

— ஆமா, கரியாலூருக்கு அந்தாண்ட. இருசம்மான்னா பஸ்காரனுக்கே தெரியும். கீழ கச்சிராயபாளையத்துல வித்துட்டு வரேன், இது மிச்சம். எடுத்துத் துன்னுங்க, மேல கொண்டும்போயி இன்னா பண்ணப் போறேன். ஆமா, நீங்க ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டிதான?

— பின்ன? பாத்தா எப்டித் தெரியுது?

— போலீஸ்காரரு யாரையோ உக்கார வச்சி விசாரிக்கிற மாதிரி இருந்துது. அதான் கேட்டேன்.

— நல்லா கேட்டீங்கக்கா. எங்க வூட்டுலயும் இப்டித்தான். கொழம்புல உப்பு ஜாஸ்தின்னாலும் யாரு வந்துட்டுப் போனான்னுதான் மொதல்ல கேப்பாரு.

— அக்காகிட்ட இன்னா கத சொல்ற? அடுத்தத சொல்லு.

— சொல்றேன்.
'அடுத்த துளிகள்
யோசித்து யோசித்து வந்தன,
சுருதி சேர்க்கிறவன்
தோலைத் தட்டித் தட்டிக் கேட்பதுபோல.'

— ஆங், இது எனக்குப் புரியுது. தவுலு வார இஸ்துப் புடிச்சி, ஒரு தட்டு தட்டி, காத கிட்ட வச்சிக் கேப்போமே, அது. ஆனா நாயம் ஒண்ணு இடிக்கிது மலரு. மழைக்கும் தவுலுக்கும் ஆவாது. ஈரம் பட்டா தோலு தொய்ஞ்சிபூடும். எத்தினி இஸ்தாலும் பொத்து பொத்துன்னுதான் கேக்கும், நனைஞ்ச மூட்டைய அடிச்ச மாதிரி. மழ பேஞ்சா கல்யாணக்காரன்கூட 'சுருக்க முடிங்கப்பா'ன்னுட்டு பாதிக் கூலிய மடிச்சிக் குடுப்பான். மழையையும் தவுலையும் ஒண்ணா சேத்து வச்சி எழுதறவன், தவுலு அடிச்சி சோறு துன்னாதவன்.

— கரும்பு வெட்டறவளுக்கு மட்டும் மழையில இன்னா கெடைக்கிது? வெட்டின கட்டு சேத்துல கெடக்கும், லாரி உள்ள வராது, அன்னிக்கிக் கூலி அம்போ. குளுகுளுன்னு இருக்குது, மண்ணு மணக்குதுன்னு ஒரு வார்த்த எழுதிக்கிறனா நான்? தேடிப் பாருங்க.

— அதுதான் எனக்கு இடிக்கிது. மழயப் பத்தி எழுதற, அழகா இருக்குதுன்னு சொல்லல. நல்லா இல்லன்னும் சொல்லல. ஒட்டுக் கேக்கற மாதிரி எழுதிக்கிற.

— அட, சரியா புடிச்சிட்டீங்களே.

— இன்னா சரியா புடிச்சேன்?

— ஒண்ணும் இல்ல. அடுத்தது சொல்லட்டா?

— சொல்லு. அக்கா, நீங்களும் கேளுங்க. எனக்குப் புரியாதது உங்களுக்குப் புரியலாம்.

— எனக்கு இன்னாப்பா தெரியும். எங்க வூட்டுக்காரரு சாமைக் கொல்லையில பரண் மேல உக்காந்துகினு தகர டப்பாவ தட்டுவாரு, பன்னி வெரட்ட. தட்டின மறுநாளு மழ வந்துதுன்னா 'நாந்தான்டி கூப்புட்டேன்'னு மீச முறுக்குவாரு. எங்களுக்கு மழைக்கும் மேளத்துக்கும் அவ்ளோதான் சம்மந்தம். நீ சொல்லு பொண்ணு.

— 'பிறகு எல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன.
மரவள்ளி இலையில் மூச்சடக்கிய மத்தளம்போல,
தார்ப்பாயில் தொய்ந்த தப்புபோல,
தகரத்தில்
எவன் தாளத்துக்கும் அடங்காத ஜாலராபோல.'

— நெசம் பொண்ணு. மரவள்ளி எலையில மழ விழுந்தா பொதுபொதுன்னுதான் கேக்கும். சாமையில விழுந்தா அரிசி கொழிக்கிற மாதிரி கேக்கும். பலா எலையில விழுந்தா தட்டுல பருப்பு கொட்டின மாதிரி. வூட்டுக்குள்ள கண்ண மூடிக்கினு உக்காந்து, மழ எந்தக் கொல்லைக்கு வந்துட்டுதுன்னு நான் சொல்லிபுடுவேன்.

— அக்கா, இன்னா சொன்னீங்க? சத்தத்த வச்சி எடத்த சொல்லிடலாமா?

— பின்ன? எலைக்கு எலை பேச்சு வேறதான.

— கேட்டுக்க மலரு. அக்கா சொல்றது கணக்குதான். இப்போ பாரு. உன் பாட்டுல மேல தகரம். எதுக்க மரவள்ளிக் கொல்ல. சைடுல தார்ப்பாய் கட்டிக்கிது. நம்ம வூடு இன்னா வூடு?

— தளம் போட்ட வூடு.

— ஆங். கெவுருமென்ட்டு குடுத்த தளம் போட்ட வூடு. தளத்துல மழ பேஞ்சா இன்னா கேக்கும்? இதோ, இந்த நிழக்குடையும் தளம்தான். தலைக்கு மேல எதுனா சத்தம் வருதா? ஊமையா கெடக்குது. ரோட்டுலதான் ஓசை. சரி, நம்ம ஊர சுத்தி இன்னா கொல்ல?

— கரும்பு. நெல்லு.

— மரவள்ளி?

— கெடையாது.

— அப்போ எங்க நின்னு கேட்ட?

— கற்பனைன்னு ஒண்ணு இருக்குது மாமா.

— கற்பனையில தளமே போட்டுக்க வேண்டிதான? செலவா ஆவப்போவுது? எதுக்குத் தகரம் போட்ட?

— தம்பி கேக்கறதும் நாயந்தான் பொண்ணு.

— அக்கா, நீங்க வேற! கரும்பு வெட்டுக்கு எங்க கேங்கு எந்தெந்த ஊருக்கோ போவுது. இன்னிக்கி ரிஷிவந்தியம், நாளைக்கி தியாகதுருகம். மழ புடிச்சிக்கினா கெடைச்ச எடத்துல ஒதுங்குவோம். மாட்டுக் கொட்டாயும் இருக்கும், கோயிலும் இருக்கும். அதுல ஒண்ணுதான் இது.

— எந்த ஊரு? யாரு வூடு?

— கவிதைய முடிக்கவா, வேணாமா?

— முடி. முடிச்சிட்டுப் பேசிக்கலாம்.

— 'கவிழ்த்த குடத்தில்
மூன்று நடை நடக்கிறது.
நான்காவதில் நிற்கிறது.
நின்ற இடத்தில்
ஒரு விரல் மட்டும் பேசுகிறது.'

— நிறுத்து.

— இன்னும் கொஞ்சந்தான் மாமா.

— நிறுத்துன்றேன்ல. மறுபடி சொல்லு, இந்த எடத்த மட்டும்.

— 'மூன்று நடை நடக்கிறது. நான்காவதில் நிற்கிறது. நின்ற இடத்தில் ஒரு விரல் மட்டும் பேசுகிறது.'

— இது மழ இல்ல.

— பின்ன?

— மழைக்குக் கணக்கு தெரியாது மலரு. கேக்கறப்போ தாளம் மாதிரிதான் இருக்கும். சின்ன வயசுல நான் வெரல் வுட்டு எண்ணிப் பாத்துக்கிறேன். ஒரு சுத்து சரியா வரும், மறுசுத்து மொத்தமா கொட்டிக் கெடுத்துடும். மூணு நடந்து நாலாவத வுடாது மழ. வுடறதுக்கு ஒரு மனுசன் வேணும். அடிக்கிறது எல்லாருக்கும் வரும். அடிக்காம வுடறது, சரியான எடத்துல வுடறது, அது தொழில் தெரிஞ்சவனுக்குத்தான் வரும்.

— மழைய மனுசனா வச்சிப் பேசிக்கிறேன். உவமைதான்.

— உவமையா? காசு சுண்டறதுல 'போல'ன்ன. சுருதிக்கு 'போல'ன்ன. மத்தளம்போல, தப்புபோல, ஜாலராபோல. குடத்துக்கு மட்டும் 'போல' எங்க போச்சி?

— பரவால்லியே மாமா. கவியரங்கத்துக்கு உங்களத்தான் தலைமைக்குக் கூப்புட்டிருக்கணும்.

— சிரிக்காத. எனக்கு இப்போ படம் மாதிரி தெரியுது. மழ நாளு. தோலு பேசாது. ஆனா தவுலுக்காரன் கை சும்மா கெடக்காது, அரிக்கும். கைக்கு எது கெடைக்கிதோ அதுல தட்டுவான். குடத்தக் கவுத்து மடியில வச்சிக்கினு தட்டிக்கிறான் ஒருத்தன். மேல தகரம், எதுக்க மரவள்ளி. கிட்ட நின்னு நீ கேட்டுக்கிற. எவன் அவன்?

— யாரா இருக்கும்னு நெனக்கிறீங்க?

— என்னையே கேக்கறியா? தமிழழகன்தான?

— யாரு தம்பி அது?

— எங்க செட்டுல கூட அடிச்சிக்கினு இருந்தவன்க்கா. பிரிஞ்சி போயி தனி செட்டு போட்டுட்டான். இவ கவித எதோ ஒரு புக்குல வந்தப்போ 'சூப்பர் அண்ணி'ன்னு போனுல மெசேஜ் போட்டான். பூ படம் வேற.

— அண்ணின்னு கூப்புடறவன் மேலயா சந்தேகம்?

— அண்ணின்னு கூப்புடறவனத்தான்க்கா மொதல்ல கவனிக்கணும்.

— பூ படம் எனக்கு மட்டுமா போட்டான்? செத்துப்போன எங்க பெரியப்பாவுக்கு பேனரு வச்சப்பகூட அதே பூவத்தான் போட்டான் மாமா.

— பேச்ச மாத்தாத. அவன் வூடு தகரந்தான? தகரந்தான்னு எனக்குத் தெரியும். சொல்லு. இல்லன்னா வண்டிய இப்டியே திருப்பறேன். வெள்ளிமலையும் வேணாம், மேடையும் வேணாம். ஊரு சனத்துக்கு முன்னால எவனோ ஒருத்தன் கையப் பத்தி எம் பொண்டாட்டி பாடுவா, நான் முன் வரிசையில உக்காந்து கை தட்டணுமா?

— திருப்புவீங்களா?

— திருப்புவேன்.

— மாமா, வெளையாட்டா சொல்லாதீங்க. களையெடுக்கப் போனா 'ஏ பொம்பள'ன்றான். வெட்டுக்குப் போனா 'கொளஞ்சி பொண்டாட்டி'ன்றான். மொத மொதல்ல ஒரு நோட்டீசுல 'கவிஞர் மலர்விழி'ன்னு அச்சடிச்சிக்கிறாங்க. அந்த எழுத்த வெரல வச்சித் தடவிப் பாத்தவ நான். இந்த மேடைய வுட்டா இன்னொருத்தர் என்ன கூப்புடமாட்டாங்க. நீங்க வண்டியத் திருப்புங்க. நான் மழையில நடந்தாவது மேல போவேன்.

— நடந்து போறேன்றியா? எவன் குடுத்த தைரியம் இது?

— அப்பா தம்பி, கொஞ்சம் மூச்சு வுடு. பொண்ணு கண்ணு செவந்துபோச்சி பாரு. நான் ஒண்ணு கேக்கறேன். அந்தத் தமிழழகனுக்கு இந்த அடி வருமா? மூணு போயி ஒண்ணு நிக்கிதுன்றியே, அது.

— அவனுக்கா? அவனுக்கு எப்டிக்கா வரும்? கதிரடிக்கிற மெசினுல மாட்டி அவன் ஆள்காட்டி வெரலு வெறச்சிப் போச்சி. மடங்காது. அதனாலதான் தவுல வுட்டுட்டு ரெண்டு குச்சியில டிரம்மு அடிக்கிறான்.

— அப்போ வெரலு பேசினது அவன் இல்ல.

— ம். அவன் இல்லதான்.

— பாவம், அவன் மேல போயி பழியப் போட்டியே.

— அப்போ நம்ம செட்டு இளவரசன். இல்ல, அவன் அடி மொரடு. மண் குடமா இருந்தா ஒடைஞ்சிருக்கும், சில்வர் குடமா இருந்தா நசுங்கிருக்கும். சங்கராபுரத்துல ஒரு கெழவரு இருக்காரு, நல்லா வுடுவாரு. ஆனா அவரு வுட்ட எடத்துல ஒண்ணும் பேசமாட்டாரு, சும்மா வுட்டுருவாரு. இது அப்டி இல்ல. வுட்ட எடத்துல ஒத்த வெரலு. அதுவும் அடி இல்ல, வெரல் நுனியில ஒரு தொடு. கேக்கறவனுக்கு 'விழுந்துதா, விழலியா?'ன்னு மூச்சு நிக்கணும்.

— இவ்ளோ இருக்குதா அதுல?

— இன்னாக்கா இப்டி கேட்டுட்டீங்க? அது எங்கப்பாரு கண்டுபுடிச்ச அடி. நாயனக்காரரு மூச்சு வாங்கறப்போ அந்த இடுக்குல வெப்பாரு. பொணத்துக்குப் போனாலும் வெப்பாரு, பொண்ணு கல்யாணத்துக்கும் வெப்பாரு. படுத்த படுக்கையா கெடக்கறப்போ என் கையப் புடிச்சி, அவரு நெஞ்சு மேல வச்சி, அங்க தட்டிக் காட்டிக் குடுத்தாரு. செட்டுல எவனுக்கும் நான் சொல்லிக் குடுத்தது இல்ல. இந்த ஜில்லாவுல வேற எவன் கைக்கும் அது...

— வராது.

— வராது மலரு. சத்தியமா வராது.

— வேற எவன் கைக்கும் வராதுன்னா, கவிதையில இருக்கற கை யாரு கை மாமா?

— யாரு கைன்னா...

— சொல்லுங்க. இவ்ளோ தூரம் நீங்களாத்தான கண்டுபுடிச்சிகினு வந்தீங்க. நான் ஒண்ணும் சொல்லலியே.

— என் கையா?

— அடப்பாவி மனுசா! உன்னையே நீ சந்தேகப்பட்டுக்கினா இம்மா நேரம் அந்தப் பொண்ண அழ வச்ச? எங்க வூட்டுக்காரரு தேவலாம்போல இருக்குதே!

— அக்கா, சிரிக்காதீங்கக்கா. அட, என் கைதானா! மலரு, இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? தவுலுக்காரன் பொண்டாட்டின்னா இப்டி இருக்கணும்க்கா. மழைக்கு நடுவுல எங்கப்பாரு அடிய ஒளிச்சி வச்சிக்கிறா பாருங்க. யாருக்குத் தெரியும்? மேடையில இருக்கற வாத்தியாருங்களுக்குத் தெரியுமா? எனக்கு மட்டுந்தான் தெரியும். படி மலரு, மைக்குல நல்லா சத்தமா படி. அந்த எடம் வர்றப்போ நான் கீழேர்ந்து ஒரு தட்டு தட்டறேன். குடுங்கக்கா சொளைய, இப்போதான் பசிக்கிது.

— துன்னு துன்னு. கொட்டைய வீசிடாத, சுட்டுத் துன்னலாம். ஆனா தம்பி, ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கக் கூடாது.

— கேளுங்கக்கா. இன்னிக்கி இன்னா வேணாலும் கேளுங்க.

— உங்க வூடு தளம்னியே. ஊர்ல மரவள்ளியும் கெடையாதுன்ன. அப்போ நீ குடத்துல தட்டின அந்தத் தகர வூடு யாருது?

— அதுவா? அது வந்து... மலரு, மழ கம்மியாயிட்ட மாதிரி இருக்குதுல்ல? கெளம்பலாமா?

— அக்கா கேட்டுக்கினு இருக்காங்க மாமா.

— எங்கியாவது வழியில ஒதுங்கினதா இருக்கும். தவுலுக்காரன் நூறு எடத்துல ஒதுங்குவான். எல்லாத்தையும் ஞாபகம் வச்சிக்கினு இருக்க முடியுமா?

— நான் ஞாபகப்படுத்தறேன். உளுந்தூர்பேட்டையில கச்சேரி, கருக்கல்லதான் வருவேன்னு சொல்லிட்டுப் போனீங்க. எங்களுக்கு அன்னிக்கி தியாகதுருகத்துக்கு இந்தாண்ட வெட்டு. மழ கொட்டிச்சி, ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினோம். நான் ஓடினது மரவள்ளிக் கொல்லைக்கு நடுவுல இருந்த ஒரு தகர வூட்டுக்கு. கதவு சாத்தி இருந்துது. எறவாணத்துல ஒண்டிக்கினேன். மொதல்ல எல்லாமே மழன்னுதான் நெனச்சேன். நாலாவத வுட்டப்பதான் தெரிஞ்சிது. பின்னால போயிப் பாத்தேன். தார்ப்பாய்க்கு அடியில நம்ம வண்டி.

— ஆங்! அதா! இப்போ ஞாபகம் வந்துட்டுது. கச்சேரி மழையில நின்னுபோச்சி மலரு. தவுலு நனைஞ்சா தோலு போச்சில்ல? அதான் திரும்பி வர்ற வழியில ஒதுங்கினேன். யாரோ கொல்லைக்காரன் கட்டிப் போட்ட கொட்டா. ஆளு இல்ல, தொறந்து கெடந்துது. உள்ள பூந்து, சாரலு அடிக்கிதேன்னு கதவ சாத்திக்கினேன். ஒரு குடம் கெடந்துது, பொழுது போவாம தட்டிக்கினு இருந்தேன்.

— தனியாவா தம்பி?

— வேற யாருக்கா வருவாங்க அந்தக் காட்டுல? நான் ஒண்டிதான். சாமி சத்தியமா நான் ஒண்டிதான்.

— சரிதான். ஆம்பள ஒண்டியா இருந்தா குடத்தோட பேசவேண்டிதான். தோ, பஸ்ஸு வருது. வளைவுல ஹாரன் அடிக்கிறான் பாரு. பொண்ணு, கூடைய ஒரு கை புடி.

— புடிக்கிறேன்க்கா. நானும் உங்ககூடதான் வரேன்.

— மலரு, நீ எதுக்குப் பஸ்ஸுல? மழதான் வுட்டுட்டுதே. வா, வண்டியில போலாம். உன்ன முன்னால கொண்டும்போயி மேடைகிட்ட எறக்கி வுடறேன்.

— வேணாம் மாமா. நீங்க அப்பால வாங்க, வரணும்னு தோணுச்சின்னா.

— இன்னாடி இது, தலையும் புரியல வாலும் புரியல. புருசனும் பொண்டாட்டியும் ஒரே வூட்டுல மழைக்கு ஒதுங்கிக்கிறோம், நான் உள்ள, நீ வெளிய. இதுல இன்னா கோவம் உனக்கு? அதுவும் நான்தான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சப்பறமும் கதவத் தட்டாம வந்துக்கிற. தட்டியிருந்தா தொறந்திருப்பேன்ல? நனையாம ரெண்டு பேரும் உக்காந்திருக்கலாம்ல? ஏன் தட்டல?

— கவிதைய நீங்க முடிக்க வுடலியே மாமா. மேடையில கேக்கறதுக்கு முன்னால இங்கயே கேட்டுக்கங்க.
'விரல் பேசி முடித்ததும்
உள்ளே ஒருத்தி சிரித்தாள்.
நான் நனைந்தது
அதற்குப் பிறகுதான்.'